கறுப்பாயியின் சக்கரத்துக் கல்

அன்று காலை சாதிக் பாஷா தன் வலது கையைக் கதவில் ஓங்கி அறைந்தான். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைதான் வீங்கியது.

"இன்னும் ரெண்டு அடி அடி," என்றாள் அம்மா ஹலீமா, அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல். "இருக்கற கோவத்தையெல்லாம் ஊட்டுலயே தீத்துட்டுப் போ. அங்க வெச்சு அவன் மேல கை பட்டுதுன்னா, பானுவ நாமளே தூக்கிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"தெரியுதும்மா."

"தெரிஞ்சா பத்தாது. அல்லா மேல ஆணையாச் சொல்லு."

"அல்லா மேல ஆணையா, கை நீட்ட மாட்டேன். போதுங்களா?"

வாசற்படியில் மகள் பானுவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ரிஸ்வானா அண்ணனின் கையைப் பார்த்தாள். அண்ணனின் வாக்கு நல்ல வாக்குதான். அண்ணனின் கையைத்தான் நம்ப முடியாது. ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் அவன் வண்டியை உரசியதோடு நில்லாமல் முறைக்கவும் செய்த ஒருவன், அதற்குப் பிறகு நெடுநாள் ஒரு கண்ணோடுதான் நடமாடினான்.

இந்தக் குடும்பத்தின் கதவை இந்த வாரம்தான் தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிஸ்வானாவின் கணவன் முகமது ஆசிக்குக்குச் சேலத்தில் ரெடிமேட் துணிக்கடை. கடைத்தெருவில் கேட்டால் தங்கமான மனுசன் என்பார்கள். தெருவில் தங்கம்தான். கதவைச் சாத்திய பிறகு அவன் யார் என்பது ரிஸ்வானாவின் இடது காதுக்குத் தெரியும். நோன்புக் கஞ்சியில் உப்புக் கூடிப்போனதற்காக அவன் விட்ட அறையில் செவிப்பறை கிழிந்து, அந்தக் காது அன்றோடு போனது. ரத்தக் கறை பட்ட துப்பட்டாவோடு, மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மலையேறும் பஸ்ஸைப் பிடித்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் அவள்.

பிரிவு வேண்டும், மகள் தன்னோடு இருக்க வேண்டும் என்று ஜமாத்தில் கேட்டிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர் நடமாடும் இடத்தில் வைத்து, ஆசிக் மகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். "எந்தப் பக்கம் கை நீளுதோ, அந்தப் பக்கத்துப் பேச்சு எடுபடாது" என்று முடித்தார் ஜமாத் தலைவரான முத்தவல்லி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் மட்டும் அடிக்கத் தெரிந்தவனுக்கு நடுத்தெருவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பெரிய காரியமா என்ன?

எந்த இடம் என்பதைப் பானுவே முடிவு செய்தாள். ஆறு வயசு. பொம்மை என்றால் திரும்பிப் பார்க்க மாட்டாள், டயர் என்றால் உயிரை விடுவாள்.

"பழைய காரெல்லாம் நிக்குதாமே, அங்க போலாம்!"

போனார்கள்.

தலைச்சோலை ரோட்டில் தேவசிகாமணியின் எஸ்டேட் வாசலில் சாதிக் ஜீப்பை நிறுத்தினான். நல்ல மேடு. யாரும் சொல்லாமலே ரிஸ்வானா குதித்து இறங்கி, பின் சீட்டுக்கு அடியில் கிடந்த கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். சாதிக் சிரித்துவிட்டான். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"இன்னும் மறக்கலியா நீ?"

எப்படி மறக்கும்? அத்தா யூசுப் பஜாரில் மிளகுக் கடை போடுவதற்கு முன்னால் ஜீப் ஓட்டியவர். மாரமங்கலத்து மூட்டைகளோடு அவர் மேட்டில் நின்ற இடமெல்லாம் கல் போடுவது பள்ளிக்கூடத்துப் பிள்ளை ரிஸ்வானாவின் வேலை. இன்ஜின் உறுமியதும் கல்லை எடுத்து வண்டிக்குள் போட வேண்டும். "ரோட்டுல கல்ல உட்டுட்டு வந்தீனா, பின்னால பைக்குல வர்றவன் சாவான். அந்தப் பாவம் நம்மளோடது" என்று அத்தா சொல்லிச் சொல்லி, அது அவள் கைக்குத் தானாக வரும் வேலையாகிவிட்டது. இன்ஜின் சத்தம் கேட்டால் கல்லைத் தேடும் கை அது.

முன்பு காப்பிக்கொட்டை குவித்த நீளக் கொட்டகையில் இப்போது கார்கள் நின்றன. தேவசிகாமணி, காப்பியில் சம்பாதித்ததையெல்லாம் பழைய இரும்பில் கொட்டிய மனுசர். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் பெட்டி கட்டியபோது, "போறவங்க போயிட்டு வரட்டும், மோரிஸ் காருக்குக் கண்ணாடி வந்துருச்சா?" என்று கேட்டவர் என்பார்கள். சனி, ஞாயிறுகளில் டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டிக்கெட் கிழிப்பதும் கார்களைப் பற்றிச் சொல்வதும் ஸ்டெஃபி என்ற பெண். வாசலிலேயே பானுவின் கன்னத்தில் ஒரு கார் ஸ்டிக்கரை ஒட்டிச் சிநேகமாகிவிட்டாள்.

ஆசிக் முன்பே வந்து காத்திருந்தான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கையில் பெரிய சாக்லேட் பெட்டி.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்! மாமி சொகமா இருக்காங்களா?"

சாதிக் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டான். "வ அலைக்கும்" என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

ஆசிக் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கார் காராகக் காட்டினான். உருண்டை விளக்கு வைத்த மோரிஸ் மைனர், கதவில்லாத வில்லிஸ் ஜீப், கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்த பழைய அம்பாசடர். பார்க்க வந்திருந்த ஜனங்கள், இவனல்லவா அப்பன் என்று முகம் மலர்ந்தார்கள். ரிஸ்வானாவுக்கு அந்த முகங்களையெல்லாம் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

கொட்டகையின் கடைக்கோடியில், மூக்கு நீண்ட பழைய பஸ் ஒன்று நின்றது. பானு அதில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் பார்வை படாத சந்து. ஆசிக் அங்கே ரிஸ்வானாவின் கையைப் பிடித்தான். தூரத்திலிருந்து பார்த்தால் ஆசையாகப் பிடித்தது போலத்தான் தெரியும். சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தான்.

"வெள்ளிக்கெழம நீயே வாயத் தொறந்து, புருசனோட போறேன்னு சொல்லோணும்."

"மாட்டேன்."

விரல் மளுக்கென்றது. கண்ணில் நீர் முட்டியது. ஆனால் சத்தம் வரவில்லை. சத்தம் போடாமல் அடி வாங்குவதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

"சொல்லலீன்னா பரவால்ல. புள்ளய மட்டும் எடுத்துக்கறேன்," என்றான் அவன், புன்னகை மாறாமல். "உன்ற நொண்ணன் இன்னிக்குக் கை நீட்டாமயா போயிருவான்? அதுக்குத்தான நான் வந்ததே."

அப்போது சாதிக் சந்துக்குள் வந்தான். தங்கையின் விரலைப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து வலது கை வெளியே வந்தது. கை வந்து, திறந்திருந்த பஸ் கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. இரும்பைப் பிடித்தாவது கையை நிறுத்திக்கொள்ளப் பார்த்தான் பாவம்.

ஆசிக் அந்தக் கதவை இடுப்பால் ஓர் இடி இடித்துச் சாத்தினான்.

கனத்த கதவு. விரல்கள் நசுங்கும் சத்தம் அவளுடைய நல்ல காதில் தெளிவாகக் கேட்டது. சாதிக் பல்லைக் கடித்ததில் கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டன. நகத்தடியிலிருந்து ரத்தம் சொட்டியது.

"அடடா! பாக்கலீங்க மச்சான்," என்று ஆசிக் கதவைத் திறந்துவிட்டான்.

சாதிக் தன் கையைப் பார்த்தான். பிறகு ஆசிக்கைப் பார்த்தான். ரத்தம் வழிந்த கையை அப்படியே மறுபடி பாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டான்.

"பரவால்லீங்க மாப்ள. இரும்புக் கதவு, பாத்துச் சாத்துங்க."

அந்த நிமிஷம் ரிஸ்வானாவுக்கு அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. கூடவே, அவளுக்குள் வேறு ஒன்றும் கிளம்பியது. ஆசிக்கின் கழுத்தை யாராவது இந்தக் கதவுக்கு நடுவில் வைக்க மாட்டார்களா என்று நினைத்தாள். நினைத்ததற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

வெளியே மணி அடித்தது. "எல்லாரும் வாங்க! கறுப்பாயிய ஸ்டார்ட் பண்ணப் போறோம்!" என்று ஸ்டெஃபி கூப்பிட்டாள்.

கறுப்பாயி என்பது தேவசிகாமணி தன் பெரிய கறுப்புக் காருக்கு வைத்த செல்லப் பெயர். ஞாயிறுதோறும் அதன் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பிக் காட்டுவார். கொட்டகை வாசலிலிருந்து கீழே காப்பி உலர்த்தும் களம் வரைக்கும் சிமெண்டுச் சரிவு. அந்தச் சரிவில் மூக்கு மேலே பார்க்க நின்றாள் கறுப்பாயி. பிரேக்கைக் கழற்றிச் சேலத்துக்கு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கிளப்பிக் காட்டுவதோடு சரி, வண்டி எங்கே போகப் போகிறது என்ற தைரியம்.

ஸ்டெஃபி செல்போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோவைப் போட்டுவிட்டு, கொட்டகைப் படியில் ஏறி நின்று கூவினாள்: "பின்னாடி யாரும் நிக்காதீங்க! பிரேக் இல்ல! கல்லத் தொடாதீங்க!"

அவள் நின்றது ரிஸ்வானாவின் இடதுபக்கம். அந்தப் பக்கக் காதுக்கு எதுவும் எட்டாது. கூட்டத்தின் இரைச்சலில் ஒரு முணுமுணுப்பாகக்கூட அது அவளிடம் வரவில்லை.

அவள் கண்ணெல்லாம் கீழே களத்தில் இருந்தது. ஆசிக் பானுவின் கையைப் பிடித்துக் களத்தின் வழியாக வாசலுக்கு நடந்துகொண்டிருந்தான். அவனுடைய கார் வெளியே நின்றது. ரிஸ்வானா வண்டியின் பின்பக்கமாக ஓடினாள். அதற்குள் சாதிக் சுற்றிக்கொண்டு போய் அவனுக்கு எதிரே நின்றுவிட்டான். இரண்டு கைகளும் பாக்கெட்டுக்குள்.

"எங்கீங்க மாப்ள போறீங்க?"

"ஐஸ்கிரீம் வாங்கித் தரப் போறேன். நவுருங்க."

"எனக்கு ஐஸ்கிரீம் வேண்டாம், கறுப்பாயி பாக்கோணும்!" என்று பானு கையை உதறிக்கொண்டு மேலே ஓடி வந்தாள். ஸ்டெஃபி அவளைப் படியில் தூக்கி நிறுத்தினாள். குழந்தை பத்திரமான இடத்துக்கு வந்துவிட்டதை, பின் சக்கரத்தோரம் நின்றுவிட்ட ரிஸ்வானா பார்த்தாள். அதுதான் பின்னால் அவளை வாட்டியது.

கீழே ஆசிக், சரிவுக்கு முதுகைக் காட்டி, சாதிக்கை நெருங்கி நின்றான். பூட்ஸ் காலால் சாதிக்கின் செருப்புக் காலை ஏறி மிதித்துத் திருகினான். முகத்தில் அதே புன்னகை. சாதிக்கின் முகம் வெளுத்தது. ஆனாலும் கைகள் வெளியே வரவில்லை.

தேவசிகாமணி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார, மெக்கானிக் முருகன் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினான். கறுப்பாயி இருமினாள். மறுபடி சுற்றினான். கரும்புகை தள்ளி, கொட்டகைத் தகரமெல்லாம் அதிர, இன்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

ரிஸ்வானாவின் கண் கீழே ஆசிக்கின் முதுகில் இருந்தது. கை அதன் வேலையைச் செய்துவிட்டது.

குனிந்ததும், காலால் தட்டிக் கல்லை உருவியதும் அவளுக்குத் தெரியாது. கல் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கறுப்பாயி உடனே ஓடிவிடவில்லை. லேசாக அசைந்தாள். யோசிக்கிற மாதிரி ஒரு சாண் இறங்கினாள்.

அப்போது திரும்ப வைத்திருக்கலாம். குனிந்தால் போதும். கல் கையில் இருந்தது, சக்கரம் காலடியில் இருந்தது.

அவள் ஆசிக்கின் வெள்ளைச் சட்டை முதுகைப் பார்த்தாள். கல்லை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

கார் இறங்கியது. உள்ளே தேவசிகாமணி "ஏய்! ஏய்!" என்று அலறினார். ஆசிக் திரும்பவில்லை. சாதிக் பார்த்துவிட்டான். ஆணை, ஜமாத், வெள்ளிக்கிழமை எல்லாம் எங்கே போயினவோ! பாக்கெட்டுக்குள்ளிருந்து இரண்டு கைகளும் பாய்ந்தன. ஆசிக்கின் நெஞ்சில் கொடுத்துப் பக்கவாட்டில் வீசித் தள்ளினான். ஆசிக் களத்தில் உருண்டான். அவன் மிதித்துவைத்திருந்த கால் இடறிச் சாதிக் குப்புற விழுந்தான். நீட்டிய வலது கையின் மேல் கறுப்பாயியின் பின் சக்கரம் ஏறி இறங்கியது.

சாதிக் கத்திய கத்தலை இந்த மலை இதற்கு முன் கேட்டதில்லை. அதை அமுக்கிக்கொண்டு, கார் களத்துச் சுவரில் மோதி நின்றது. கண்ணாடி சிதறியது. ஸ்டீயரிங்கில் இடித்த நெற்றியிலிருந்து ரத்தம் ஒழுகத் தேவசிகாமணி தள்ளாடி இறங்கினார்.

சாதிக்கின் மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல எதுவும் சரியாக இல்லை. சிமெண்டில் ரத்தம் ஓடிக் களத்தின் பள்ளத்தில் தேங்கியது. யாரோ ஒரு பெண் அங்கேயே வாந்தி எடுத்தாள். முருகன் தன் துண்டை இறுக்கிக் கட்டினான். துண்டு உடனே நனைந்தது.

ஆசிக் எழுந்தான். தன் கை காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"எல்லாரும் பாத்தீங்கல்ல? கை நீட்டுனான்! என்னயத் தள்ளிக் கொல்லப் பாத்தான்! நாலு பேரு முன்னால நடந்தது, எல்லாரும் சாட்சி!"

ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் கண்ணும் முன்னால் கைப்பிடியிலும் புகையிலும் இருந்ததால், கார் நகர்ந்ததை முதலிலேயே கவனித்தவர்கள் குறைவு. தள்ளியதை மட்டும் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

"கல்லு எங்கடா?" என்று கத்தினார் தேவசிகாமணி. "எவன்டா கல்ல எடுத்தது?"

தரையில் கிடந்த சாதிக் தலையைத் திருப்பினான். தங்கையைக் கண்டுபிடித்தான். அவள் துப்பட்டாவுக்குள் மார்போடு இறுக்கியிருந்தது என்ன என்பது, அந்த வலியிலும் அவனுக்குப் புரிந்தது.

"நான்தானுங்க," என்றான். "வர்றப்போ என்ற கால்ல பட்டு நவுந்துருச்சு. சொல்லாம உட்டுட்டேன். நான்தான்."

ரிஸ்வானா வாயைத் திறந்தாள். படியில் பானு தேம்பி அழுதுகொண்டிருந்தாள். இப்போது சொன்னால், வெள்ளிக்கிழமை குழந்தை அவனோடு போய்விடும். வாய் மூடிக்கொண்டது. இப்படி ஒரு கேவலத்தை அவள் ஆசிக்கிடம் அடிவாங்கிய நாட்களில்கூட உணர்ந்ததில்லை.

"கேட்டீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்!" ஆசிக் செல்போனில் முத்தவல்லியைக் கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கு நடந்தான். ரிஸ்வானாவைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினான். "வெள்ளிக்கெழம பானுவோட துணியெல்லாம் மடிச்சு எடுத்துட்டு வந்துரு."

முருகனும் இன்னும் இரண்டு பேரும் சாதிக்கைத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் கிடத்தினார்கள். ரிஸ்வானா, பானுவைத் தூக்கிய ஸ்டெஃபியோடு பின்னாலேயே ஓடினாள். ஜீப் சீட்டெல்லாம் ரத்தமாயிற்று. சாதிக் அரை மயக்கத்தில் தங்கையின் துப்பட்டா முனையை இடது கையால் பிடித்து இழுத்தான்.

"நீ ஒண்ணும் பேசாத. பானுவப் பாரு."

"உனக்கு ஜீப்பு ஓட்டறதுக்குக் கை வேணுமேண்ணா," என்று ரிஸ்வானா அழுதாள்.

"ஆணய மீறுன கைதான. போகட்டும் உடு."

முருகன் டிரைவர் சீட்டுக்கு ஓடினான். அப்போது ஸ்டெஃபி ரிஸ்வானாவின் முழங்கையைத் தொட்டாள். வலது பக்கமாக வந்து, காதோடு பேசினாள்.

"அக்கா, செல்லுல எல்லாம் பதிவாயிருக்குதுங்க. கல்லு உங்க கையில இருக்கறது தெரியுது. வண்டி நவுந்ததுக்கு அப்புறமும் நீங்க வெச்சுட்டு நின்னீங்க, அதுவும் தெரியுது." சுற்றும் முற்றும் பார்த்தாள். "நான் ஒருத்திதான் பாத்தேன். அழிச்சுறட்டுங்களா?"

ரிஸ்வானா தன் கையைக் குனிந்து பார்த்தாள். கல் இன்னும் அங்கேயே இருந்தது. எடுத்ததைப் பழக்கம் என்று சொல்லிவிடலாம், ஜமாத்தும் நம்பும். வைக்காததற்கு என்ன பெயர் சொல்வது?

"எங்கண்ணன் தள்ளுனது தெரியுதா அதுல?" என்று கேட்டாள்.

"தெரியுதுங்க. கார் வர்றதப் பாத்துட்டுத்தான் தள்றாரு. அவரு தள்ளலீன்னா அந்தாளு செத்திருப்பாருங்க."

ஜீப் இன்ஜின் உறுமியது. ரிஸ்வானா குனிந்தாள். இந்த முறை தெரிந்தே குனிந்தாள். ஜீப்பின் சக்கரத்துக் கல்லை எடுத்து உள்ளே போட்டாள். கறுப்பாயியின் கல்லை ஸ்டெஃபியின் கையில் வைத்தாள். மகளை வாங்கிக்கொண்டு அண்ணனின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அழிக்காத கண்ணு. எங்கண்ணன் எதுக்குக் கை நீட்டுனாருன்னு அது ஒண்ணுதான் சொல்லும்."

"அதுல உங்க கையும் இருக்குதுங்களே அக்கா!"

"இருக்கட்டும்," என்றாள் ரிஸ்வானா. "வெள்ளிக்கெழம ஜமாத்துக்கு நீ எடுத்துட்டு வா."